முடிசூட்டலும் பட்டாபிஷேகமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த சொல் விளக்கப் பகுதியில், வாசகர் ஒருவரின் கேள்விக்கு விடையாக, பட்டாபிஷேகம் என்பது பட்டு உடுத்தி அபிஷேகம் செய்வதைக் குறிக்கும் என்றும், முடிசூட்டு என்பது ஆங்கிலேயர் காலத்தில் கொரோனேஷன் என்ற சொல்லை மொழிபெயர்ப்பதற்காக உண்டாக்கப்பட்டது என்றும், எப்படியானாலும் இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்றும் அச்சாகியிருந்தது. மூன்றும் பிழை. பள்ளிப் பிள்ளைகள் வெட்டி ஒட்டிவைக்கும் பகுதி அது என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதல் பிழையைச் செய்தவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அதே பிழையை நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய அச்சகத்தில் நான் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்த புதிதில், ஸ்ரீராமநவமி உற்சவத்துக்கான துண்டறிக்கை ஒன்று வந்தது. அதில் பட்டாபிஷேகம் என்று அச்சுக்கோத்திருந்ததை, ஏதோ எழுத்து விடுபட்டுவிட்டது என்று நினைத்து, பட்டு அபிஷேகம் என்று திருத்தி அனுப்பிவிட்டேன். ஐந்நூறு படிகள் ரோஸ் நிறத் தாளில் அச்சாகிக் கட்டும் கட்டிய பிறகு, அவற்றை வாங்க வந்த பெரியவர் ஒன்றை உருவிப் படித்துவிட்டு, "பட்டு இல்லையப்பா, பட்டம், நெற்றியில கட்டறது" என்று தம் நெற்றியில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மறு அச்சுக்கான தாளின் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து இந்தச் சொற்கள் எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது.

முதலில் முடி. சென்னையில் இன்று முடி என்றால் தலைமயிர்; முடி வெட்டுவது, முடி கொட்டுவது என்றுதான் பேச்சு. அதனால் முடிசூட்டு என்பதைக் கேட்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் முடிதல் என்ற வினைக்குக் கட்டுதல், முடிச்சிடுதல் என்று பொருள். சபதம் நிறைவேறும் வரை பாஞ்சாலி கூந்தலை முடியாதிருந்தாள் என்று சொல்லும்போது அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. முடிச்சு, பண முடிப்பு, காவிரிப் படுகையில் நாற்றைப் பறித்துக் கட்டிப்போடும் நாற்றுமுடி என எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தெலுங்கிலும் முடி என்றால் முடிச்சுத்தான். கன்னடத்தில் அது கொண்டையையும், கூந்தலை முடித்துப் பூ வைத்துக்கொள்வதையும் குறிக்கும். ஆக, தலையுச்சியில் முடித்துக் கட்டிய கூந்தலுக்கும், அதே இடத்தில் அதே உருவில் அமர்ந்த அரச அணிக்கும் ஒரே பெயர் வழங்கியிருக்கிறது. வடமொழியில் மௌலி என்ற சொல்லுக்கும் தலையுச்சி, முடித்த கூந்தல், மகுடம் என்ற பொருள்கள் உண்டு என்பதைப் பார்க்கும்போது, இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விந்தை அல்ல என்று தெரிகிறது. நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலத் திருமேனிகளிடம் போகலாம். சிவன் திருமேனிகள் பலவற்றில் தலைமேல் உயர்ந்து நிற்பது பொன்னால் செய்த தனி அணி அன்று, சடையையே அடுக்கி முடித்த சடாமகுடம். அங்கே கூந்தல் எங்கே முடிகிறது, மகுடம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது சூட்டு. என் பார்வையில் இந்தச் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தமிழில் எதை எங்கே அணிகிறோம் என்பதற்கேற்ப வினை மாறும்: ஆடையை உடுத்துவோம், நகையைப் பூணுவோம், செருப்பைத் தொடுவோம், பூவைச் சூடுவோம். சூடுதல் தலைக்கு உரியது, அதுவும் முதலில் பூவுக்கு உரியது. ஆண்டாள் சூடிக்கொடுத்த சுடர்க்கொடி ஆனது மாலையால். கருவுற்ற பெண்ணுக்கு வளைகாப்போடு நாம் நடத்துவது பூச்சூட்டல். பூவுக்குரிய இந்த வினை பொன்முடிக்கு எப்படிப் போனது என்று கேட்டால், பழந்தமிழ் வேந்தனின் தலையில் பொன்னுக்கு நிகராக, சில வேளைகளில் பொன்னுக்கும் முந்தி, பூவே அடையாளமாக இருந்தது என்பதே விடை. போந்தை, வேம்பு, ஆர் என்று சேர பாண்டிய சோழரின் பூக்களைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வரிசைப்படுத்துகிறது. அரசர்க்கு உரியவற்றை மரபியலில் சொல்லும்போது "தாரும் முடியும்" என்று மாலையையும் முடியையும் அருகருகே வைக்கிறது. ஆங்கிலேயர் கப்பல் இந்தக் கரையைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முடி இங்கே அரச அடையாளமாகிவிட்டது என்பதற்கு இந்த இரண்டு சொற்களே போதும்.

புறநானூற்றின் 77ஆம் பாட்டில், மிக இளம் வயதில் போர்க்களம் புகுந்த தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர்கிழார் பார்க்கிறார். சிறுபிள்ளைக்குரிய கிண்கிணியைக் கழற்றிய காலில் வீரக்கழல். குடுமி களைந்த தலையில் வேம்பின் தளிரும் உழிஞைக் கொடியும். அந்தப் பையனின் தலையில் புலவர் மகுடம் எதையும் காட்டவில்லை. வேப்பந்தளிரே அவன் பாண்டியன் என்று சொல்லிவிடுகிறது. அதை அணிந்ததற்கு அவர் கையாளும் வினை மிலைந்து என்பது. அதுவும் பூவைத் தலையில் அணிவதற்கான சொல்லே.

சூட்டு என்பது சூடு என்பதன் பிறவினை. தானே அணிந்தால் சூடினான், பிறருக்கு அணிவித்தால் சூட்டினான். இந்த வேறுபாட்டைச் சேக்கிழார் கையாண்டிருக்கும் இடம் ஒன்று, முடிசூட்டு என்ற சொல்லுக்குப் படம் போட்ட விளக்கமாகவே எனக்குத் தோன்றுவதுண்டு. சேய்ஞலூர்ச் சிறுவருக்குச் சண்டீசர் என்னும் பதவியை இறைவன் அளிக்கிறான். தொண்டர்க்கெல்லாம் தலைவனாக்கி, "சண்டீசனும் ஆம் பதம் தந்தோம்" என்று சொல்லி, பொன்முடி எதையும் தேடாமல், தன் சடையில் இருந்த கொன்றை மாலையை எடுத்து அவர் முடியில் "சூட்டினார்" என்று பாட்டு முடிகிறது. பதவி, அதைத் தருகிறவர், பெறுகிறவர், தலை, மாலை, சூட்டு என்னும் வினை என்று முடிசூட்டலுக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரு பாட்டில் உண்டு. உலோகம் மட்டும் இல்லை. இதே காட்சியைக் கங்கைகொண்ட சோழபுரத்தில், வடக்கு வாயிற்படியை ஒட்டிய மாடத்தில், கல்லில் பார்க்கலாம். உமையோடு அமர்ந்த சிவன், காலடியில் கைகூப்பிக் குனிந்திருப்பவரின் தலையைச் சுற்றி மாலையைத் தன் கையாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான். அடியவர் மேல் வைத்து ராஜேந்திர சோழனுக்கே இறைவன் முடிசூட்டுவதாக அந்தச் சிற்பத்தைக் காணும் அறிஞர்களும் உண்டு. சேக்கிழாரின் பாட்டைக் காட்டிலும் அந்தக் கல் ஒரு நூற்றாண்டு மூத்தது.

மொழிபெயர்ப்பு என்று எழுதியவர் கவனிக்காத ஒன்று உண்டு. கொரோனேஷன் என்ற சொல்லுக்கு வேராகிய கொரோனா, லத்தீன் மொழியில் முதலில் தலையில் அணியும் இலைமாலையை, பூமாலையைத்தான் குறித்தது. போரில் சக வீரனின் உயிரைக் காத்த ரோமானியனுக்கு ஓக் மர இலைகளால் கட்டிய கொரோனாவைச் சூட்டினார்கள். கதிரவனைச் சுற்றிய ஒளிவட்டத்துக்கும், 2020இல் நம் எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டிவைத்த கிருமிக்கும் வந்து சேர்ந்தது அதே பெயர். ஆக, ரோமாபுரியும் மதுரையும் ஒன்றையொன்று கேளாமலே, மாலையில் தொடங்கி மகுடத்துக்கு வந்திருக்கின்றன. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. (நம் நகரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கிய ஜார்ஜ் டவுனில்தான் பூக்கடையும் இருக்கிறது என்பது தற்செயலே, ஆனால் அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.)

இனிப் பட்டாபிஷேகம். இது பட்டம், அபிஷேகம் என்னும் இரண்டு சொற்களின் சேர்க்கை. இரண்டு வெவ்வேறு சடங்குகளின் சேர்க்கையும் ஆகும். பட்ட என்ற வடசொல்லுக்குத் தகடு, பலகை, துணிப்பட்டை, தலைப்பாகை என்று பல பொருள்கள் உண்டு. பட்டுத் துணியும் அவற்றுள் அடங்கும் என்பதால், பட்டு என்று பிரித்தவர் முற்றிலும் அந்நியமான இடத்துக்குப் போய்விடவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார், அவ்வளவே. தகட்டில் எழுதித் தந்த ஆவணம் பட்டயம் ஆயிற்று. தாலுகா அலுவலகத்தில் நாம் வரிசையில் நின்று வாங்கும் பட்டாவும் அந்த வழியில் வந்ததே. நெற்றியில் கட்டிய தகடு பட்டம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் இந்தப் பட்டத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அது பொன்னால் ஆனதாக இருக்க வேண்டும் என்றும், அரசனுடைய பட்டத்துக்கு ஐந்து சிகரங்கள், அரசிக்கும் இளவரசனுக்கும் மும்மூன்று, படைத்தலைவனுக்கு ஒன்று என்றும் வகுக்கிறார். பட்டத்தரசி, பட்டத்து இளவரசன், பட்டத்து யானை என்ற தொடர்களுக்கெல்லாம் அடிப்படை இந்தத் தகடுதான். கட்டும் வழக்கம் குறைந்த பின்னும் பெயர் நிலைத்து, பல்கலைக்கழகம் தரும் தாளுக்கும் பட்டம் என்றே பெயராகிவிட்டது. இன்று பட்டமளிப்பு விழாவில் யார் நெற்றியிலும் எதையும் கட்டுவதில்லை.

ஆனால் திருமணத்தில் கட்டுகிறார்கள். சென்ற தை மாதம் வடபழனியில் என் தங்கை மகளின் திருமணம் நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் பெண்ணுக்குப் பட்டம் கட்டும் உரிமை எனக்கு வந்தது. விரல் அகலமுள்ள பொன் தகடு, அப்பளத்தைவிட மெல்லியது. இரு முனையிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, துளையில் மஞ்சள் நூல். நெற்றியில் வைத்து நூலைப் பின்னே கொண்டுபோனால், அங்கே மல்லிகையும் கனகாம்பரமும் கட்டிய பூச்சடை மலைபோல் நின்றது. முடிச்சுப் போட இடம் இல்லை. பூவை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, கொண்டைக்குக் கீழே நூலை இறுக்க நான் பட்ட பாட்டில் தகடு ஒரு பக்கம் சரிந்தது. "மாமா, கொஞ்சம் மேலே" என்று பெண்ணே மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஆறு வயதுப் பேரன், "தாத்தா, இது கிரீடமா?" என்று கேட்டான். கிரீடம் இல்லை, பட்டம் என்றேன். அப்படியென்றால் பறக்குமா என்று அடுத்த கேள்வி வந்தது. முடி, பூ, சூட்டல், கட்டல் நான்கும் என் இரண்டு கைக்குள் வந்து சிக்கிக்கொண்ட அந்த நிமிடத்தில், பட்டம் கட்டப்படுவது, முடி சூட்டப்படுவது என்ற வேறுபாடு எந்த அகராதியும் சொல்லாத அளவுக்கு எனக்கு விளங்கியது. சூட்டுவதற்கு ஒரு நொடி போதும். கட்டுவதற்கு முடிச்சு வேண்டும். கோயிலில் பெரியவர்களுக்குப் பரிவட்டம் கட்டுவதையும் யாரும் பரிவட்டம் சூட்டுவது என்று சொல்வதில்லை.

அபிஷேகம் என்ற மற்றப் பாதியை விளக்கவே தேவையில்லை. கோயிலுக்குப் போகும் எவருக்கும் தெரியும். தெளித்தல், மேலே ஊற்றுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். வேத காலத்து ராஜசூயத்தில் அரசனை அரசனாக்கியது மகுடமன்று, நீர். ஆற்று நீர், கடல் நீர், கிணற்று நீர், பனிநீர் என்று 17 வகை நீரைச் சேர்த்து அவன்மேல் தெளிக்க வேண்டும் என்று சதபத பிராமணம் கூறுகிறது. தமிழ் விவிலியத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி எண்ணெய்க் கொம்பை எடுத்துச் சிறுவன் தாவீதை அபிஷேகம் பண்ணுகிறார். அங்கேயும் மகுடம் இல்லை. அதே விவிலியத்தில் முட்களைப் பின்னிச் செய்ததை முடி என்றே மொழிபெயர்த்திருப்பதும் கவனிக்கத் தக்கது: பின்னப்பட்டது, தலையில் வைக்கப்பட்டது, ஆகவே முடி. லண்டனில் 6.5.2023 அன்று மூன்றாம் சார்லஸுக்கு நடந்த சடங்கில் இரண்டும் இருந்தன. எண்ணெய் பூசும் பகுதி திரைக்குப் பின்னால் நடந்ததால் எந்தப் படக்கருவியும் அதைப் பதிவு செய்யவில்லை. மகுடம் வைத்த படம் மட்டுமே நம் செய்தித்தாள்களுக்கு வந்தது. சடங்கின் புனிதமான பகுதியாக அவர்கள் கருதுவது அந்த மறைக்கப்பட்ட அபிஷேகத்தைத்தான். தாய்லாந்தில் இந்தச் சடங்கின் பெயரே ராஜாபிஷேகம் என்பதன் தாய் மொழி உருவம். 2019 மே 4ஆம் நாள் அங்கே புனித நீராட்டுக்குப் பிறகு, 7 கிலோவுக்கு மேல் எடையுள்ள மகுடத்தை அந்தணர் எடுத்துக் கொடுக்க, மன்னர் வஜிரலங்கோர்ன் தாமே தம் தலையில் வைத்துக்கொண்டார்.

தமிழில் இந்த இரண்டு வழக்குகளும் பல நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று விழுங்காமல் வாழ்ந்திருக்கின்றன. ஊர் முழுவதும் ராமர் பட்டாபிஷேகம் என்று சொல்லும் நிகழ்ச்சிக்குக் கம்பராமாயணத்தில் உள்ள தலைப்பு திருமுடி சூட்டு படலம். அதன் உச்சிப் பாட்டிலோ "வசிட்டனே புனைந்தான் மௌலி" என்று மூன்றாவது வழியில் போகிறார் கம்பர். பேச்சில் பட்டாபிஷேகமே வென்றது. ஆவடிக்கு அப்பால் பட்டாபிராம் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. கல்வெட்டிலும் இப்படித்தான். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, ஈழத்து அரசரின் முடியையும், அவர் தேவியரின் "ஓங்கெழில் முடியும்", பாண்டியன் அங்கே வைத்துவிட்டுப் போன "சுந்தர முடியும்" அவன் கொண்டதாகச் சொல்கிறது. 1178இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் குலோத்துங்கனோ, "பாண்டியன் முடித்தலையும்" கொண்டபின் வீராபிஷேகமும் விஜயாபிஷேகமும் செய்துகொண்டதாகத் தன் கல்வெட்டுகளில் பெருமைப்படுகிறான். முடி என்பது கவர்ந்து எடுத்துவரக்கூடிய பொருள், அபிஷேகம் என்பது செய்துகொள்ள வேண்டிய செயல் என்ற தெளிவு கல்வெட்டு எழுதியவருக்கு இருந்திருக்கிறது. நம் செய்தி அறைகளில் அது சில நேரம் காணாமல் போகிறது.

14.1.2024 அன்று டென்மார்க்கில் பத்தாம் பிரெடரிக் அரசரானபோது, பிரதமர் மாடத்தில் நின்று அதை அறிவித்ததோடு சரி. யாரும் அவர் தலையில் எதையும் வைக்கவில்லை. ஸ்பெயினில் 2014இல் ஆறாம் பெலிப்பே பதவியேற்றபோது மகுடம் அருகில் காட்சிக்கு இருந்ததே தவிர, தலைக்கு ஏறவில்லை. இத்தகைய செய்திகளுக்கு முடிசூட்டு விழா என்று தலைப்பிடுவது, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வது. அரியணை ஏறினார் என்றோ அரசரானார் என்றோ எழுதினால் போதும். 1804 டிசம்பர் 2ஆம் நாள் பாரிஸில் நெப்போலியன், போப்பாண்டவர் பக்கத்தில் இருக்கவே மகுடத்தைத் தன் கையாலேயே வைத்துக்கொண்டதற்கும், தாய்லாந்து மன்னரின் செயலுக்கும் தன்வினையாகிய சூடினார் அல்லது சூடிக்கொண்டார் என்பதே பொருந்தும். அரசியல் பத்திகளில் மகனுக்கு முடிசூட்டினார் என்று எழுதும்போது மட்டும் யாரும் இலக்கணப் பிழை செய்வதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

பூவும் முடியும் பிரியாமல் இன்றும் இருக்கும் இடம் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. மதுரையில் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகம். ராயர் கிரீடம் சாத்தி, செங்கோல் கொடுத்து, சித்திரை முதல் ஆவணி வரை அவளுடைய ஆட்சி என்று கொண்டாடுகிறார்கள். கல் இழைத்த கிரீடத்தோடு அன்று அவளுக்குச் சாத்துவது வேப்பம்பூ மாலை. புறநானூற்றுச் சிறுவன் தலையில் இருந்த அதே வேம்பு. பாண்டியர் போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆன பிறகும், பாண்டி நாட்டு அரசி என்றால் அவளுக்கு வேம்பு வேண்டும் என்று அந்தக் கோயில் நினைவில் வைத்திருக்கிறது.

வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். அப்படி வெளியிடும்போது இன்னொன்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் படத்துக்குக் கீழே முடிச்சூட்டு விழா என்று ச் போட்டு அச்சாகியிருக்கிறது. பூ என்பது ஓரெழுத்துச் சொல் ஆதலால் பூச்சூட்டல் என்று மிகும்; முடியைச் சூட்டுவது இரண்டாம் வேற்றுமைத் தொகை ஆதலால் முடிசூட்டு என்று மிகாமல் நிற்கும். ச் சேர்த்தால் அது முடிச்சு ஊட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. தாளின் விலையை யார் சம்பளத்திலும் பிடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.